மூங்கிலும் பிரம்பும் என் நாத்தனாரும்

“உட்காருங்க,” என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர்.

அமுதா என்னைப் பார்த்தாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். தையல் லேபில் இரண்டு மின்விசிறிகள். ஒன்று ஓடவில்லை, இன்னொன்று ஓடியும் பிரயோஜனமில்லை. சித்திரை மாதத்துப் பகல் பதினொரு மணி. உடம்பெல்லாம் கசகசவென்று இருந்தது.

அமுதா என் வீட்டுக்காரரின் தங்கை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. எனக்காக அரை நாள் லீவு போட்டுவிட்டு, வெள்ளைப் பருத்தி அங்கி ஒன்றும் அதற்கு மேல் நான் தைத்த ஸ்டேஸும் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத ஐந்தாறு பெண்களுக்கு நடுவே நின்றிருந்தாள்.

ஸ்டேஸ் என்றால் என்னவென்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைசானிகள் கவுனுக்குள்ளே போட்டுக்கொண்ட உள்சட்டை. இரண்டு மடிப்புத் துணியைச் சேர்த்து, பாவாடைக்கு நாடா கோக்க விடுகிற மாதிரி வரிசையாகக் குழல் தைக்க வேண்டும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு குச்சி. முதுகில் காஜா எடுத்து, கயிறு கோத்து இறுக்க வேண்டும். போட்டவள் வளைய மாட்டாள், நிமிர்ந்தே நிற்பாள். கார்செட் என்று பிற்பாடு சொன்னார்களே, அதற்கு மூத்த அக்கா இது.

அமுதா உட்காருவதற்குள், இந்தக் கண்றாவி எப்படி என் தலையில் வந்து விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

யார் கேட்டது இதை?

நான் அப்போது பெண்களுக்கான தையல் பயிற்சி மையம் ஒன்றில் தற்காலிக ஆசிரியையாகப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அதே வேலை அரசாங்கச் சம்பளத்தில் நிரந்தரமாக வந்தது. வந்ததும் ஒரு நிபந்தனையைக் கூட்டிக்கொண்டு வந்தது. டிப்ளமோ வேண்டும், அதிலும் முதல் வகுப்பு வேண்டும். வயது வரம்பு வேறு. அடுத்த வருஷம் எனக்கு அந்த வரம்பு தாண்டிவிடும். ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு பரீட்சை. இதில் தவறினால் அந்த வேலையை நான் ஜன்மத்துக்கும் மறந்துவிட வேண்டியதுதான்.

என் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். எங்கள் வீட்டில் யாருக்கும் அரசாங்கச் சம்பளம் கிடையாது. எனக்கு அந்த வேலை எப்படி வேண்டியிருந்தது என்பதை இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

டிப்ளமோவுக்காகக் கல்லூரியில் சேர்ந்து, பதினெட்டு வயதுப் பெண்களோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ‘ஆன்ட்டி’ என்றார்கள். இரண்டாம் நாள் ஆளுக்கொரு ஜாக்கெட்டைக் கொடுத்து, “ஆன்ட்டி, கை மட்டும் கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க” என்றார்கள்.

எல்லாப் பாடமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த ஒன்றைத் தவிர. ‘வரலாற்று உடைகள்’ என்று ஒரு பேப்பர். ஊரெல்லாம் பட்டு. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு துரைசானியின் உள்சட்டையைத் தை என்றால், பாடத்திட்டம் எழுதிய புண்ணியவானை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருக்குமா இருக்காதா?

பாடம் நடத்தியவர் வைதேகி மேடம். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நல்ல மனுஷி, அதிலொன்றும் சந்தேகமில்லை. ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்தார். துரைசானி குச்சி மாதிரி நிற்கிற படம். பக்கத்தில் ‘திமிங்கலத்தின் வாய்த் தகடு’ என்று பொருள் விவரம்.

“திமிங்கலத்துக்கு நான் எங்க மேடம் போவேன்? தென்னேரி ஏரியில வலை போடட்டுமா?” என்றேன்.

“மாற்றுப் பொருள் யூஸ் பண்ணலாம் ஜெயமேரி. ஆனா அந்தக் காலத்துல கிடைச்சதா இருக்கணும். ஸ்டீல் கூடாது. பிளாஸ்டிக் போட்டா பாஸ் பண்ணுவேள், பொருள் தேர்வுக்கான மார்க் போயிடும். எதை ஏன் தேர்ந்தெடுத்தேள்னு ரெக்கார்ட் நோட்ல காரணம் எழுதணும்.”

அந்த மார்க் போனால் எனக்கு முதல் வகுப்பு போய்விடும். மற்றப் பெண்கள் சென்னைக்கு ஆள் அனுப்பி பிளாஸ்டிக் பட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். நான் குச்சி தேடப் புறப்பட்டேன்.

துடைப்பத்தில் ஆரம்பித்தது

முதலில் கைக்கு வந்தது வீட்டுத் துடைப்பம். தென்னை ஈர்க்குச்சிதானே, வளையும், நீளமாகவும் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் தடிமன், மறு பக்கம் ஊசி. பச்சையாக இருக்கிறவரை சொன்னபடி கேட்டது. நாலு நாளில் காய்ந்தது, குனிந்தால் முறிந்தது. முறிந்த முனை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

“அண்ணி, என்னைப் பெருக்கவா போறீங்க?” என்றாள் அமுதா.

அமுதாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இப்படிக் குறை சொல்கிற ஒரு பெண்ணை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. காபியில் சர்க்கரை தூக்கல் என்பாள். குறைத்துப் போட்டால் கஷாயம் என்பாள். நூல் முனை கழுத்தில் பட்டாலே தெருவைக் கூட்டுவாள். என் கல்யாணப் புடவைக்கு பார்டர் சின்னது என்று பந்தலிலேயே சொன்ன மகராசி. வேறு யாராவது கிடைத்திருந்தால் இவளைக் கூப்பிட்டிருப்பேனா? பரீட்சைக்கு உயிருள்ள மாடல் வேண்டும் என்று விதி. வகுப்புப் பெண்கள் ஆளுக்கொருத்தி ஜோடி சேர்ந்துகொண்டார்கள். ஆன்ட்டிக்கு யாரும் மிஞ்சவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். முனகிக்கொண்டே வந்தாள், முனகிக்கொண்டே கையைத் தூக்கி நின்றாள்.

அடுத்தது குடைக் கம்பி. ஸ்டீல் கூடாதென்று மேடம் சொன்னாரே என்று கேட்பீர்கள். ரெக்கார்டில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமே! என் வீட்டுக்காரரின் குடையைப் பிரித்து எட்டுக் கம்பி உருவினேன். அவை குழலுக்குள் நிற்காமல் உருண்டன. இஸ்திரி போடத் தண்ணீர் தெளித்தேன், மறுநாள் வெள்ளைத் துணியில் துருக் கோடு. அந்த வாரமே மழை பெய்தது. மனிதர் குடையின் வெறும் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, அதை ஈரத்தோடு என் மிஷின்மேல் போட்டுவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார்.

ஜெராக்ஸ் கடையில் பேப்பர் கட்டுகளைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் பட்டையை அமுதாவே சுருட்டிக்கொண்டு வந்தாள். அதையும் பார்த்துவிடலாமே என்று வெட்டிப் போட்டேன். ஒரு பிற்பகல் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். உடம்புச் சூட்டிலும் வெயிலிலும் பட்டை இடுப்பில் மடிந்தது மடிந்தபடியே நின்றுவிட்டது. கழற்றி மேஜையில் வைத்தால், குனிந்து பாத்திரம் தேய்க்கிற வாக்கில் கிடக்கிறது ஸ்டேஸ்.

பண்ணை என்ற யோசனை

இந்த ஊரில் நீங்கள் எதைத் தேடினாலும் யாராவது ஒருவர் தறியிலிருந்து பதில் எடுத்துக் கொடுப்பார்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற ஒரு நெசவாளர் வீட்டம்மா, “பழைய பண்ணை ஒண்ணு பரண்ல கீதும்மா, எடுத்துக்கினு போ” என்றார். பண்ணை என்பது தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற சீப்பு போன்ற சட்டம். பழைய பண்ணைகளில் பல்லெல்லாம் நாணல் சீவல். வைதேகி மேடத்திடம் சொன்னதும் கண்கலங்காத குறை.

“ஜெயமேரி! அந்தக் காலத்துல ஏழைப் பொம்மனாட்டிகள் ஸ்டேஸ்ல நாணல்தான் வெச்சாளாம். நம்ம ஊர் பண்ணையிலேர்ந்தே எடுத்தேள்னா எக்ஸாமினர் அசந்து போயிடுவா!”

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கட்டுநூலை அறுத்துப் பிரித்தேன். விரலெல்லாம் கீறல். கடைசியில் கையில் வந்தது, நாலு விரற்கடை நீளத்தில், நகக்கண் கனத்தில், நூற்றுக்கணக்கான சீவல். எனக்கு வேண்டியது பத்து பதினொரு அங்குலம்!

அமுதா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “பல்லு குத்தத்தான் அண்ணி ஆவும்.”

மேடத்திடம் போய்ச் சொன்னேன். “ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்ட முடியாதா?” என்றார். என் வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் என்னைக் கல்லூரியை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

மூங்கிலா, பிரம்பா?

கடைசியில் இரண்டே இரண்டு மிஞ்சின.

நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவரிடம் பட்டைப் பிரம்பு வாங்கினேன். ஊறவைத்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் நேராகும். வளைத்தால் வளையும், விட்டால் திரும்பும். உடையாது. குழலுக்குள் சமர்த்தாகப் போய்ப் படுத்தது.

“இது பரவால்ல அண்ணி. உடம்போடவே வருது,” என்றாள் அமுதா. அவள் வாயிலிருந்து ‘பரவால்ல’ வந்த ஒரே நாள் அது. நான் அதைக் காலண்டரில் குறித்து வைத்திருக்க வேண்டும்.

எனக்குத் திருப்தியில்லை. பிரம்பு போட்டால் இடுப்புப் பக்கம் துணி லேசாகச் சுருங்கியது. படத்தில் துரைசானி மார்பிலிருந்து அடிவயிறுவரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றாள். அமுதா அமுதாவாகத்தான் நின்றாள்.

கூடை பின்னுகிறவரிடம் மூங்கில் பிளாச்சு கேட்டேன். ஒரே சீராகச் சீவிக் கொடுத்தார். முதுகுப்பக்கம் பிரம்பை அப்படியே விட்டுவிட்டு, மூங்கிலை உப்புத்தாளில் தேய்த்து முன்பக்கக் குழல்களில் நுழைத்தேன். அடேயப்பா! படம் அப்படியே வந்து நின்றது. ஒரு சுருக்கம் கிடையாது. எனக்கே என் கையைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு பிளாச்சில் நட்டநடுவே கணு. கணு இல்லாததாக அந்த நீளத்துக்குக் கிடைக்கவில்லை. மேடு தெரியக் கூடாதென்று கணுவைச் சீவி மட்டம் செய்தேன், அந்த இடம் கொஞ்சம் மெலிந்துபோனது.

“குத்துது அண்ணி.”

“எங்க?”

“எங்கன்னு கேட்டா? எல்லா இடத்துலயுந்தான். இத்த போட்டுக்கினு உக்கார முடியல.”

“உன்னை யாரு உக்காரச் சொன்னது? துரைசானி நின்னுக்கினேதான் இருப்பா.”

“அவளுக்கு வேலை வெட்டி இல்ல, நிப்பா. பிரம்பே போட்டுடுங்க அண்ணி. சொன்னா கேளுங்க.”

நான் கேட்கவில்லை. வழக்கமான புலம்பல் என்று விட்டுவிட்டேன். ரெக்கார்ட் நோட்டில் மூங்கில் துண்டை ஒட்டி, ‘உருவம் நேராக நிற்கும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அளவு ஜாக்கெட்

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். அதைச் செய்கிறபோது தப்பென்றே தெரியவில்லை.

எங்கள் பக்கம் ஜாக்கெட் தைக்க யாரும் உடம்பைக் காட்டி அளவு கொடுக்க மாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். அளவு ஜாக்கெட். மூன்று பிள்ளை பெற்றவள் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டை அனுப்பி, “இதே மாதிரி, கொஞ்சமா தாராளமா” என்பாள். அந்தக் ‘கொஞ்சமா தாராளமா’வை அங்குலத்தில் மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. இருபது வருஷம் தைத்தும் ஒரு பெண்ணின் இடுப்பில் நான் டேப் வைத்தது கிடையாது.

ஸ்டேஸுக்கும் அமுதாவிடம் அளவு ஜாக்கெட்டைத்தான் வாங்கினேன். அது விலாவோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே எவ்வளவு இறக்க வேண்டும் என்பதைக் கண்ணாலேயே கணக்குப் போட்டு, அந்த நீளத்துக்குக் குச்சிகளை வெட்டினேன். ஆள் நிற்கும்போது ஒரு நீளம், உட்கார்ந்தால் இன்னொரு நீளம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஜாக்கெட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. வளையாத குச்சிக்கு உண்டு.

அமுதா உட்கார்ந்தாள்

எக்ஸாமினர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, என் ஸ்டேஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காஜாக்களை விரலால் தடவினார். “கையால எடுத்ததா? நீட்டா இருக்கு,” என்றார். வைதேகி மேடம் பின்னாலிருந்து எனக்குத் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன், பொய் சொல்வானேன்.

அப்போதுதான் அவர் உட்காரச் சொன்னார்.

அமுதா முதுகை வளைக்காமல் மெல்ல மெல்ல இறங்கி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். படக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். நாற்காலி என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. கணு.

“கம்ஃபர்டபிளா இருக்கா?” என்று கேட்டார் எக்ஸாமினர்.

இப்போது வாயைத் திறப்பாள், லேபே அதிரப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நல்லா கீது மேடம்,” என்றாள் அமுதா. “ஒண்ணும் தெரியல.”

கண்ணைத் திறந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை பொட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. வலது கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

“குட். இப்போ முன்னால குனிஞ்சு, கீழே இருக்கிற இந்தக் கைக்குட்டையை எடுங்க.” எக்ஸாமினர் பேனாவை மார்க் தாளில் வைத்துவிட்டார்.

அமுதா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிய ஆரம்பித்தாள்.

“வேணாம்!” என்று கத்திவிட்டேன். “மேடம், உள்ளே குச்சி உடைஞ்சிருக்கு. குனிஞ்சா ஏறிடும். கழட்டணும்.”

“அண்ணி, சும்மா இருங்க,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் அமுதா. “ஒண்ணுமில்ல மேடம், அவங்க சும்மா பயந்துக்கினு...”

முதுகுக் கயிற்றை அவிழ்க்க நேரமில்லை. மேஜைமேல் இருந்த கத்திரியை எடுத்து மேலிருந்து கீழே நறுக்கினேன். ஸ்டேஸ் விரிந்து விழுந்தது. அங்கியில் இடது விலாவுக்குக் கீழே ரத்தம் ஊறியிருந்தது. உடைந்த பிளாச்சு துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது.

எக்ஸாமினர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், டெட்டால் கொண்டுவரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “பிரம்பும் வெச்சிருக்கீங்களே, முன்பக்கம் ஏன் மூங்கில்?” என்று கேட்டார்.

“படத்துல இருக்கிற மாதிரி தெரியணும்னு, மேடம்.”

“போட்டுப் பார்த்தவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னா மேடம். நான்தான் கேட்கலை.”

அவர் தலையைக் குனிந்து எழுதினார். அணிந்து காட்டும் சோதனையில் தேறாவிட்டால் மொத்தப் பேப்பரும் போச்சு என்பது விதி. ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வைதேகி மேடம் வாசல்வரை கூடவே வந்தார்.

வீட்டில்

ஆட்டோவில் அமுதா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் ஆத்திரம் என்றுதான் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், தோலுக்கடியில் ஒரு சிலாம்பு மிச்சம் இருந்தது. ஊசியை நெருப்பில் காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஊசி பட்டதும் போட்டாள் பாருங்கள் ஒரு அலறல்! எதிர் வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைக்காமல் வந்து நின்றாள்.

“மெதுவா எடுங்க அண்ணி! கையா அது, கடப்பாரையா? காஞ்சிபுரத்துல டாக்டரே இல்லையா? எங்க அண்ணன் எப்படித்தான் உங்ககூட குடும்பம் நடத்துதோ!”

சிலாம்பு வந்துவிட்டது. அரை அங்குலம் இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பொறுக்கவில்லை.

“இப்ப இந்தக் கத்து கத்துறியே, அங்க ஏன்டி வாயைத் திறக்கல? முழுசும் உள்ள ஏறியிருந்தா?”

“வீட்ல சொல்றது உங்ககிட்ட சொல்றது அண்ணி. அங்க சொன்னா, அந்தப் பொம்பளைகிட்ட உங்களைப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடாதா?” மூக்கை உறிஞ்சினாள். “இன்னும் ரெண்டு நிமிசம். மார்க் போட்டுக்கினு இருந்தாங்க. உங்களை யாரு நடுவுல கத்தச் சொன்னது?”

“போவுது விடு. அந்த வேலை நமக்கு இல்ல, அவ்ளோதான்.”

அமுதா அங்கியை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

“இல்லாமப் போனது உங்களால அண்ணி,” என்றாள். “என்னால போவல. அதை மட்டும் நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க.”